நஜீஸ் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டாம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

சென்ற மாதம் மக்தபில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் பாடம் முடிந்த பின்னும் எழுந்து செல்லாமல் அமர்ந்திருந்தான். என்னவென்று கேட்டோம். "ஹஜ்ரத், எங்க தோப்பு நாயை அத்தா வண்டியில ஏத்திட்டுப் போய் பைபாஸ் ஓரமா விட்டுட்டு வந்துட்டாங்க. அதால நடக்கவே முடியாது. அதைப் பத்தி அல்லாஹ் எங்ககிட்ட கேப்பானா?" என்றான்.

அந்த நாயை நாமும் அறிவோம். பதினோரு ஆண்டுகள் அக்குடும்பத்தின் ஆடுகளையும் தென்னந்தோப்பையும் காத்து நின்றது. முதுமையில் வயிற்றில் கட்டி கண்டது; பின்னங்கால்கள் விழுந்துவிட்டன. கிடந்த இடத்திலேயே கழிந்தது. படுக்கைப் புண்ணில் ஈ மொய்த்தது. என்ன செய்வதென்று தெரியாமல் சிறுவனின் தந்தை நம்மிடம்தான் முதலில் வந்தார். வகுப்புக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில், "அது நஜீஸ், தொழுகிற வீடு, எங்காவது விட்டுவிடுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அவர் நம் சொற்படியே செய்தார். ஆகவே அந்தப் பிள்ளையின் கேள்வி அவன் தந்தைக்கு முன்பாக நம்மைத்தான் வந்தடைய வேண்டும்.

"ஆம், கேட்பான்" என்றோம். அன்று அஸருக்குப் பின் தந்தையும் நாமும் பைபாஸ் ஓரம் நெடுந்தொலைவு தேடினோம். நாய் கிடைக்கவில்லை.

நாம் செய்த பிழை நம் ஊர்களில் புதியதன்று. உழைத்த காலம் முழுதும் வாசலில் நின்ற பிராணியை, நோயுற்றதும் சந்தைப் பக்கமோ இரயில் பாதை ஓரமோ கொண்டு போய் இறக்கிவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு தொழுகைக்கு நிற்கிறோம். அதற்கு மார்க்கத்தின் பெயரால் சில வாதங்களும் வைத்திருக்கிறோம். அவை ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்ப்போம்.

முதல் வாதம்: "நாய் வளர்ப்பதே கூடாது, பிறகு அதன் மீது என்ன பொறுப்பு?" வேட்டை, கால்நடை, விளைநிலம் ஆகியவற்றின் காவலுக்கன்றி நாய் வளர்ப்பவரின் நன்மையில் ஒவ்வொரு நாளும் குறைவு ஏற்படும் என்பது ஸஹீஹான ஹதீஸ்களில் வந்துள்ளது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தோப்பையும் ஆட்டையும் காத்த நாய் அந்த விலக்கிற்குள் அடங்குவது. வேட்டைக்குப் பழக்கிய பிராணிகளைக் குறித்துக் குர்ஆன் பேசுகிறது (5:4). குகைவாசிகளின் வாசலில் முன்னங்கால்களை நீட்டிக் கிடந்த நாயையும் அது குறிப்பிடுகிறது (18:18). சரி, அனுமதியின்றி வெறும் ஆசைக்காகவே ஒருவர் வளர்த்தார் என்று வைத்துக்கொள்வோம். குற்றம் வளர்த்தவருடையது. அதற்கான தண்டனையை வாய் பேசாத பிராணியின் மீது சுமத்த எந்த நூலில் அனுமதி கண்டோம்?

இரண்டாம் வாதம்: "அது நஜீஸ்." நாம் சொன்னதும் இதுவே. ஷாஃபிஈ மத்ஹபில் நாயின் உடல் முழுவதும் கடுமையான அசுத்தம். ஹனஃபி மத்ஹபின் வலுவான கருத்துப்படி அதன் எச்சில் அசுத்தம். நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை, அவற்றுள் ஒரு முறை மண்ணிட்டுக் கழுவ வேண்டும் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வந்துள்ளது. இந்தச் சட்டங்கள் அனைத்தும் எதைப் பற்றியவை? கழுவுவதைப் பற்றியவை. அசுத்தம் பட்டால் கழுவிக்கொள்ள வழி கற்பித்த மார்க்கம், அசுத்தம் படும் என்பதற்காக ஓர் உயிரைச் சாலையில் எறியக் கற்பிக்கவில்லை. ஷாஃபிஈ சட்டப்படியேகூட, இரு பக்கமும் உலர்ந்திருக்கும்போது தொட்டால் அசுத்தம் ஒட்டுவதில்லை. நாயைப் பராமரிக்கத் தனியே ஒரு பழைய கைலியும் கையுறையும் வைத்துக்கொண்டு, தொழுகைக்கு முன் உடை மாற்றினால் போதுமே.

தாகத்தால் ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்காகக் கிணற்றில் இறங்கிய மனிதரின் நிகழ்ச்சி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. தம் காலுறையில் நீர் முகந்து, அதை வாயால் கவ்விக்கொண்டு மேலேறி வந்து அவர் புகட்டினார். அல்லாஹ் அவருடைய பாவத்தை மன்னித்தான். பிராணிகளின் விஷயத்திலும் நமக்குக் கூலி உண்டா என்று தோழர்கள் கேட்டபோது, உயிருள்ள ஒவ்வொன்றின் விஷயத்திலும் உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். இந்த ஹதீஸை நாம் எத்தனை மேடைகளில் சொல்லியிருக்கிறோம்! மேடையில் நாய்க்கு நீர் புகட்டிவிட்டு, வாசலில் கிடக்கும் நாயைப் பைபாஸுக்கு அனுப்புகிறோம்.

மூன்றாம் வாதம்: "கொன்றால்தானே பாவம்? நாம் விட்டுத்தான் வந்தோம், அல்லாஹ் பார்த்துக்கொள்வான்." பூனையைக் கட்டிப்போட்டு, உணவும் தராமல், தானே தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் நரகத்திற்குரியவளானாள் என்பதும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளதே. அவிழ்த்து விடுவது எப்போது கருணையாகும்? அது ஓடித் தேடித் தின்ன வலுவுள்ளபோது. கால் விழுந்த நாயை அவிழ்த்து விடுவதும் கட்டிப்போட்டுப் பட்டினி போடுவதும் ஒன்றே. இதைத் தவக்குல் என்று சொல்லாதீர்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்புவதற்குப் பெயர் தவக்குல். நாட்டின் சட்டமும் இதைக் குற்றமாகவே கருதுகிறது. பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் பிராணியைக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்கீழ் தண்டனைக்குரியது.

அவ்வாறாயின் என்னதான் செய்வது? மீளவே வழியில்லாமல் வேதனையில் துடிக்கும் பிராணியின் உயிரைப் போக்கி விடுவிக்கலாமா? இதில் நம் முன்னோர்களான சட்ட அறிஞர்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. நோயுற்றுப் பயனற்றுப்போன கழுதையை அறுத்துவிடுவதில் தவறில்லை என்று ஹனஃபி நூலான ஃபதாவா ஹிந்திய்யாவில் காணப்படுகிறது. பிழைக்கும் நம்பிக்கை அற்றுப்போன பிராணியின் விஷயத்தில் மாலிகி அறிஞர்களும் அனுமதித்துள்ளனர். ஷாஃபிஈ மத்ஹபின் பிற்கால நூல்களிலோ, உண்ணத் தகாத பிராணியை வேதனையிலிருந்து விடுவிப்பதற்காகக்கூட அறுப்பது கூடாது என்று பதிவாகியுள்ளது. கரையோர ஊர்களில் ஷாஃபிஈகளும் உள்நாட்டு ஊர்களில் ஹனஃபிகளும் மிகுந்து வாழும் நம் சமுதாயத்தில், ஒவ்வொருவரும் தம் ஊர் ஆலிமைக் கலந்து முடிவெடுக்கட்டும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த அறிஞர்களின் வேறுபாடு, துன்பத்தை முடித்து வைக்கலாமா, இயற்கையாகச் சாகும்வரை பராமரிக்க வேண்டுமா என்பதில்தான். சாலையோரம் என்ற மூன்றாம் வழியை எந்த மத்ஹபும் திறந்து வைக்கவில்லை. அதை நாமே திறந்துகொண்டோம்.

பராமரிப்பதென முடிவெடுத்தவர் அதை முழுமையாகச் செய்ய வேண்டும். நிழலும் உலர்ந்த படுக்கையும் தர வேண்டும். வாய்க்கு எட்டும் தொலைவில் நீர் வைக்க வேண்டும். புண்ணில் புழு வைக்காமல் மருந்திட வேண்டும். சில மணி நேரத்துக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். வலி தணிக்கும் மருந்தை மருத்துவரிடம் கேட்டுத் தர வேண்டும். மனிதருக்கான வலி மாத்திரைகளைத் தாமாகவே கொடுத்துவிடக் கூடாது. அவற்றில் பல நாயின் உடலுக்கு நஞ்சு.

விடுவிப்பதென முடிவெடுத்தவருக்கும் வரம்பு உண்டு. எல்லாவற்றிலும் நேர்த்தியை அல்லாஹ் விதித்துள்ளான் என்றும், உயிரைப் போக்கும்போதுகூட அழகிய முறையில் போக்க வேண்டும் என்றும் ஷத்தாத் பின் அவ்ஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ஆகவே சோற்றில் விஷம் வைப்பதும், கட்டையால் அடிப்பதும், சாக்கில் கட்டி நீரில் போடுவதும் ஹராமான கொடுமைகளே. கால்நடை மருத்துவர் முதலில் மயக்க மருந்து தருகிறார். பின்னர் நரம்பு வழியே அதிக அளவில் செலுத்தப்படும் மருந்தால், பிராணி உணர்விழந்த நிலையிலேயே சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடுகிறது. தமிழ்நாட்டில் அரசுக் கால்நடை மருந்தகங்கள் சிற்றூர்களிலும் உள்ளன; 1962 என்ற எண்ணில் கால்நடை அவசர ஊர்தியை அழைக்கலாம். அறியாமல்தான் செய்தோம் என்று சொல்ல இனி நமக்கு இடமில்லை.

இங்கே மற்றொரு சாராரிடமும் பேச வேண்டியுள்ளது. புது வீடு கட்டியாயிற்று, மகன் வெளிநாட்டுக்கு அழைக்கிறான், முதுமையில் முடி கொட்டுகிறது என்பதற்காகவெல்லாம் ஊசியைத் தேடுவோர் உண்டு. மருத்துவர் பார்த்து, மீட்சி இல்லை, வேதனை தணியாது என்று சொன்ன பிறகே அந்த அனுமதியைப் பற்றிய பேச்சு எழும். நம் வசதிக்காகச் செய்துவிட்டு அதற்குக் கருணை என்று பெயர் சூட்டினால், எண்ணங்களை அறிபவனை ஏமாற்ற முடியாது.

"நாய்க்கு இது ஆகுமென்றால், நோயுற்ற மனிதருக்கும் ஆகுமே" என்று இளைஞர் சிலர் கேட்கின்றனர். ஆகாது. மனித உயிரை அல்லாஹ் புனிதமாக்கியுள்ளான் (17:33). நோயைப் பொறுப்பது மனிதருக்குப் பாவமன்னிப்பாகிறது. கேள்வி கணக்கும் மறுமையின் கூலியும் அவருக்குண்டு. பிராணிக்கு அந்தப் பொறுப்பு சுமத்தப்படவில்லை. ஒன்றின் சட்டத்தை மற்றொன்றுக்கு இழுத்துச் செல்ல வழியில்லை.

இறந்த பின் உடலைக் குளத்திலும் குப்பையிலும் எறியாமல், ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். சடங்கு எதுவும் வேண்டாம். ஆனால் பிள்ளைகள் அழுதால் அதட்டாதீர்கள். அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர், தம் சிறு குருவி இறந்ததால் வாடியிருந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அக்குழந்தையிடம் குருவியைப் பற்றிக் கனிவோடு விசாரித்தார்கள். ஒரு குருவியின் இறப்புக்குத் துக்கம் விசாரித்த தூதரின் உம்மத்தில், நாய்க்காக அழும் பிள்ளையைப் பார்த்து, "சீ, நாய்க்குப் போயா அழுவ?" என்று கேட்பது எங்கிருந்து வந்த பழக்கம்?

அன்ஸாரி ஒருவரின் தோட்டத்தில் நின்ற ஒட்டகம் நபி (ஸல்) அவர்களைக் கண்டு கண்ணீர் விட்டதையும், பட்டினி போட்டு உழைக்க வைக்கிறாய் என்று அது முறையிட்டதாக அதன் உரிமையாளரிடம் அவர்கள் எச்சரித்ததையும் அபூதாவூத் பதிவு செய்துள்ளார். நாம் தேடியும் கிடைக்காத அந்த நாய் யாரிடம் முறையிட்டிருக்கும் என்பதை நினைக்கும்போது அச்சமாக உள்ளது. சிறுவனின் தந்தை நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் சற்று இலேசாக இருந்திருக்கும்.

மஹல்லாவின் ஆலிம்களையும் உஸ்தாதுகளையும் வேண்டிக்கொள்கிறோம்: நோயுற்ற பிராணியைப் பற்றிக் கேட்டு வருபவரை ஒரு சொல்லில் அனுப்பிவிடாதீர்கள். உட்கார வைத்து, என்ன நோய், மருத்துவர் பார்த்தாரா என்று கேளுங்கள். கழுவும் முறையைச் சொல்லிக் கொடுங்கள். கருணையின் முறையையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.

நம் நாவால் நிகழ்ந்த பிழையை அல்லாஹ் மன்னிப்பானாக! அவனுடைய படைப்புகளின் மீது இரக்கம் கொள்ளும் உள்ளத்தை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அருள்வானாக! ஆமீன்.