எல்லை தாண்டாத சான்றிதழ்



சென்ற மாதக் கூட்டத்தில் ஒரு சகோதரி கேட்டார்: "அக்கா, நான் எடுத்த தையல் சான்றிதழ் வெளிநாட்டில செல்லுமோ?" உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. தேடிப் பார்த்தபோது, ஐரோப்பாவிலேயே இந்தச் சிக்கல் இருப்பது தெரிந்தது.

மலைப்பாதைகளில் சைக்கிள் ஓட்ட வரும் உல்லாசப் பயணிகளுக்கு வழிகாட்டுவது அங்கே ஒரு தொழில். பிரித்தானியாவில் இதற்குச் சட்டம் கட்டாயமாக்கிய தகைமை இல்லை. ஆனாலும் வேலை கொடுப்போரும் காப்புறுதிக்காரரும் பயிற்சிச் சான்றிதழும் முதலுதவியும் கேட்பார்கள். பிரான்சில் கதை வேறு. சம்பளத்துக்கு வழிகாட்டுவதானால் அரசு ஏற்ற தகைமையும் தொழில் அட்டையும் வேண்டும். தகைமையில்லாமல் செய்தால் ஒரு வருடச் சிறை, 15,000 யூரோ தண்டப்பணம் வரை சட்டத்தில் இடமுண்டு. விழுந்தால் முறியும் எலும்பு என்னவோ எங்கும் ஒன்றுதான்!

ஒரு நாட்டுத் தகைமையை இன்னொரு நாடு ஏற்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் விதி கொண்டுவந்தது. அதுவும் தானாக நடப்பதில்லை. என்ன படித்தோம், எவ்வளவு காலம் வேலை செய்தோம் என்று எழுத்தில் காட்டவேண்டும். பெரிய குறை கண்டால் பரீட்சையோ மேலதிகப் பயிற்சியோ கேட்பார்கள். 2021 தொடக்கம் பிரித்தானியச் சான்றிதழ்களுக்கு அந்த விதி பொருந்தாது.

இதையெல்லாம் அந்தச் சகோதரியிடம் சொன்னேன். பாடவிபரத்தையும் மணித்தியாலக் கணக்கையும் பயிற்சி நிலையத்திடம் எழுத்தில் வாங்கச் சொன்னேன். இடம்பெயர்வில் முதல் சான்றிதழைத் தொலைத்தவர் அவர். இம்முறை மூன்று பிரதி எடுத்து, ஒன்றை என்னிடம் தந்திருக்கிறார்.