கடலில் வீடு கட்டினால் என்ன செலவாகும்?

ராத்தாவுக்குக் கல்யாணப் பேச்சு வந்ததும் வாப்பா காணி பார்க்கப் போனார். மூன்று நாள் கிண்ணியா முழுக்க அலைந்துவிட்டு வந்து, முற்றத்துக் கதிரையில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "இனி கடல்லதான் மகள் வீடு கட்டணும். அங்கதான் பேர்ச் கணக்கு இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அதே வாரம், மாலைதீவில் மேசன் வேலை செய்யும் எங்கள் சாச்சா ஒரு காணொளி அனுப்பியிருந்தார். மாலே நகரிலிருந்து படகில் பத்து நிமிடத் தூரத்தில், ஒரு களப்பின் மேல் மிதக்கும் நகரம் ஒன்றை நெதர்லாந்து நிறுவனத்தோடு சேர்ந்து மாலைதீவு அரசு திட்டமிட்டிருக்கிறது. 5,000 கட்டடங்கள், 20,000 பேர். முதல் வீடுகளை 2022இல் காட்சிக்கு வைத்தார்கள். வகுப்பில் இதைச் சொன்னதும் தோழிகள் பிடித்துக்கொண்டார்கள். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று நம் வாசலில் கிடக்கிறது, இத்தனை தண்ணீர் சும்மாதானே இருக்கிறது என்றார்கள்.

சும்மா இருக்கிறதா என்று பார்க்கத்தான் கணக்குப் போட்டேன்.

நான் உயர்தரத்தில் பௌதிகவியல் படிப்பவள். ஆக்கிமிடிசின் தத்துவத்தைப் பரீட்சைக்கு வெளியே பயன்படுத்த இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. இருபதுக்கு இருபது அடியில், பலகையாலும் தகரத்தாலும் ஒரு சிறிய வீடு. தளம், கூரை, கட்டில், அலுமாரி, ஆட்கள் எல்லாம் சேர்த்து 11 தொன் என்று வைத்தேன். 1,000 லீற்றர் தண்ணீர்த் தாங்கி வைத்தால் அது மட்டும் ஒரு தொன். மொத்தம் 12 தொன். கடைகளில் விற்கும் 200 லீற்றர் நீல டிரம் முழுவதும் அமிழ்ந்தால் ஏறத்தாழ 200 கிலோ தாங்கும். டிரம் முழுவதும் அமிழ்ந்தால் அலை வீட்டுக்குள்தான் வரும். பாதி அமிழ விட்டால் 100 கிலோ. அப்படியானால் 120 டிரம். அவற்றைப் படுக்கவைத்து அடுக்க ஏறக்குறைய 700 சதுர அடி வேண்டும். என் வீடோ 400 சதுர அடி! தளத்தைப் பெருப்பித்தால் எடை கூடும், எடை கூடினால் டிரம் கூடும். கொப்பியில் மூன்று பக்கம் இதிலேயே போனது.

நெதர்லாந்துக்காரர்கள் டிரம்மை நம்பவில்லை. அம்ஸ்டர்டாமின் ஐபர்க் பகுதியில் இருக்கும் மிதக்கும் வீடுகளுக்கு அடியில் இருப்பது பெரிய கொங்கிறீட் தொட்டி. தொட்டியின் பெரும்பகுதி தண்ணீருக்குள் இருக்கும், அதற்குள்ளேயே படுக்கையறைகளும் இருக்கும். வீட்டைக் கட்டுதுறையில் முழுதாகக் கட்டி, நீர்வழியாக இழுத்து வந்து, ஆழத்தில் அறைந்த தூண்களோடு பிணைக்கிறார்கள். தண்ணீர் ஏறினால் வீடு தூணோடு ஏறும், வற்றினால் இறங்கும், பக்கவாட்டில் ஓடாது.

இதை உம்மும்மாவிடம் விளக்கியபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "கிப்லா எந்தப் பக்கம்?" சிரிக்க வேண்டாம். ஒற்றை நங்கூரத்தில் நிற்கும் எதுவும் காற்றுக்கேற்பத் திரும்பும். ளுஹருக்கு ஒரு பக்கமும் அஸருக்கு மறுபக்கமும் பார்த்து நிற்கும் வீட்டில், சுவரில் கிப்லா அடையாளம் வைக்க முடியாது. தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் முறுக்கிப் போகும். அந்தத் தூண்கள் எதற்கு என்பது எனக்கு அப்போதுதான் சரியாக விளங்கியது. தூண் அறைய ஆளும் இயந்திரமும் வேண்டும், அது தனிச் செலவு.

மாலைதீவுத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, ஆகச் சிறிய ஒற்றை அறை வீட்டுக்குச் சொல்லப்பட்ட விலை 150,000 டொலர். டொலரை 300 ரூபாய் என்று வைத்தாலும் நாலரைக் கோடி. சாச்சாவிடம் இதைச் சொன்னேன். "நாங்க கட்டுற ஆக்கள் மகள், வாங்குற ஆக்கள் இல்ல" என்றார்.

சரி, யாரோ காசு தந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். வாடைக் காற்றை என்ன செய்வது? உட்துறைமுகத்தில் மலைகளின் மறைப்பு உண்டு. கொட்டியாரக் குடா அப்படியல்ல. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திரியாய், குச்சவெளிப் பக்கமாகத்தான் கரையேறியது. நைஜீரியாவின் லாகோஸ் நகரில் மக்கோக்கோ என்ற நீர்க்குடியிருப்பில் 2013இல் மிதக்கும் பாடசாலை ஒன்றைக் கட்டினார்கள். உலகமெல்லாம் புகழ்ந்தது. 2016 ஜூனில் பெருமழை ஒன்றுக்குப் பிறகு அது சரிந்து விழுந்தது. வெகுதூரம் போகவும் வேண்டாம். 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்ததை நம்மில் யார் மறந்தோம்? பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அவர்களில் சிலர் திரும்பி வரவேயில்லை. சில நிமிடத் தூரத்துக்கே மிதப்பதை நம்ப முடியாதபோது, இரவு முழுவதும் பிள்ளைகளைத் தூங்க வைப்பதற்கு எவ்வளவு உறுதியான மிதவை வேண்டும் என்று யோசியுங்கள்.

அன்றாடப் பாடு அதைவிடப் பெரிது. கடல் நீரில் வுழூச் செய்யலாம், சோறாக்க முடியாது. குடிநீர் கரையிலிருந்துதான் வர வேண்டும். கரையில் மலசலக்குழி நிறைந்தால் பவுசர் வரும், கடலில் அதற்கும் ஒரு படகு வேண்டும். அது வராவிட்டால் எல்லாம் குடாவுக்குள்தான் போகும், அந்தக் குடாவில்தான் வாப்பா வலை போடுகிறார். காஷ்மீரின் தால் ஏரியில் நூற்றாண்டுக்கும் மேலாகப் படகு வீடுகள் இருக்கின்றன. அங்கே நெடுங்கால வழக்கே கழிவு பற்றியதுதான். தேவதாரு மரத்தால் செய்த அந்த வீடுகளுக்கு நெருப்புப் பயமும் உண்டு. 2023 நவம்பரில் ஒரு விடியற்காலையில் தீப்பிடித்துப் பல படகு வீடுகள் எரிந்து போயின, தங்கியிருந்த மூன்று பேர் இறந்தார்கள். சுற்றிலும் தண்ணீர், நடுவில் நெருப்பு.

பராமரிப்பு பற்றிப் படகுக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் போட்டையே அடிக்கடி கரைக்கு இழுத்து, பாசியும் சிப்பியும் சுரண்டித்தான் மறுபடி இறக்குகிறார் வாப்பா. உப்பு ஆணியைத் தின்னும், பிணைச்சலைத் தின்னும். வீட்டை எந்தக் கரைக்கு இழுப்பது?

சட்டமும் இருக்கிறது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, கரையிலிருந்து கடலுக்குள் இரண்டு கிலோமீற்றர் வரை கரையோர வலயம்தான். துறைமுகத்துக்கு அதிகாரசபை இருக்கிறது, கடற்படை இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், சுனாமிக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்றுதான் முதலில் அறிவித்தார்கள், பிறகு தளர்த்தினார்கள். வீட்டை இழந்த உம்மும்மா அந்த நாட்களில் கூடாரத்தில் இருந்தார். கடலை விட்டுத் தள்ளிப் போ என்று சொல்லப்பட்டவரின் பேத்தி, கடலுக்குள்ளேயே போகலாமா என்று கணக்குப் போடுகிறேன்.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் பட்டது உறுதி. மிதக்கும் வீட்டுக்குக் காணி இல்லை, காணி இல்லாவிட்டால் உறுதி இல்லை. உறுதி இல்லாமல் வங்கிக்குப் போனால் வீட்டுக் கடன் பேச்சை எடுக்கவே முடியாது. எங்கள் ஊர்களில் வீடு பெண்ணின் பேரில் எழுதப்படுகிறது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். இந்த வழக்கத்தை வெறுமனே திட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. உம்மும்மா நாற்பது வயதில் கணவரை இழந்தவர். சுனாமிக்கு முன்பிருந்த அந்த வீடு அவர் பேரில் இருந்ததால்தான் ஐந்து பிள்ளைகளையும் யார் தயவும் இல்லாமல் வளர்த்தார். வீடு போன பிறகும் வளவு அவருடையதாக இருந்ததால்தான் அதே இடத்தில் மறுபடி கட்ட முடிந்தது.

ஆனால் ஒவ்வொரு மகளுக்கும் தனி வளவு, தனி மதில், தனி கேற் என்று எப்போது முடிவு செய்தோம்? காணி முடிந்து போனதற்குக் கடல் என்ன செய்யும்? பெற்றோரின் வீட்டுக்கு மேல் ஒரு மாடி எழுப்பி, அதை மகளின் பேரில் முறையாக எழுதிக் கொடுத்தால் மாப்பிள்ளை வீட்டார் ஏன் முகம் சுளிக்க வேண்டும்? "மேல்வீடா?" என்று கேட்கும் அந்த ஒரு சொல்லுக்குப் பயந்துதான் வாப்பாமார் கடனுக்குப் போகிறார்கள். இதை வாசிக்கும் ஆண் பிள்ளைகளின் உம்மாமாரிடம்தான் கேட்கிறேன்.

ஏனென்றால், காணிக்குக் காசு போதாதபோது வாப்பா விற்க நினைத்தது எங்கள் போட்டையும் எஞ்சினையும். எங்கள் குடும்பத்தில் உண்மையிலேயே மிதக்கிற சொத்து அது ஒன்றுதான். என் பாடசாலைச் செலவும் தம்பியின் மருந்தும் அதிலிருந்துதான் வருகின்றன. அதை விற்றுத் தரையில் ஒரு வீடு வாங்கினால், அந்த வீட்டில் அடுப்பெரிய என்ன வழி?

கொப்பியை வாப்பாவிடம் காட்டினேன். 120 டிரம் பக்கத்தில் சிரித்தார். போட் பற்றி எழுதியிருந்த பக்கத்தில் சிரிக்கவில்லை. ராத்தாதான் முதலில் வாய் திறந்தாள்: "எனக்கு மேல்வீடு போதும். அங்க காத்தும் வரும்." மாப்பிள்ளை வீட்டுக்கு இன்னும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மேசன்பாஸ் வந்து, பழைய தூண்கள் இன்னொரு தட்டைத் தாங்குமா என்று பார்க்கப் போகிறார்.