சுவர் எழுப்பியவர்களை விட்டுவிட்டு

சபைக்குள் சாதியைப் பேசுகிறவர்களே சபையைப் பிரிக்கிறவர்கள் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார் போதகர் ஒருவர். அப்படிப்பட்டவர்களை விட்டு விலக வேண்டும் என்பதற்கு ரோமர் 16ஆம் அதிகாரம் 17ஆம் வசனத்தைச் சாட்சிக்கு இழுக்கிறார். இந்தப் பேச்சால் விசுவாசிகள் சோர்ந்துபோகிறார்களாம். பழைய புண்ணைக் கிளறாமல் ஜெபித்து, ஒருவரையொருவர் உற்சாகப்படுத்தினால் சபை ஒன்றாக நிற்குமாம்.

அவர் காட்டிய வசனத்துக்கு முந்தைய வசனங்களையும் படித்திருக்கலாம். அந்த அதிகாரத்தின் பெரும்பகுதி வாழ்த்துதல். கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி பெபேயாள், தங்கள் வீட்டிலேயே சபை கூடிய பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும், யூதர், புறஜாதியார், அடிமைகளுக்கு வழக்கமாக இடப்பட்ட பெயர்களைத் தாங்கியவர்கள் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்கிறார் பவுல். எல்லாரும் முத்தமிட்டு வாழ்த்திக்கொள்ளச் சொல்கிறார். அதற்கு அடுத்த மூச்சில்தான் பிரிவினைக்காரரைப் பற்றிய எச்சரிக்கை வருகிறது. எஜமானும் அடிமையும் முத்தமிட்டுக்கொள்ள வேண்டிய சபையில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவனையே அது சுடும். ஏன் திருப்பிக்கொண்டாய் என்று கேட்டவன்மேல் அதை ஏவுவது வேதப்புரட்டு.

சரித்திரமும் போதகருக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. 1833இல் பேராயர் டேனியல் வில்சன் ஆங்கிலிக்கன் சபைகளில் சாதி வேற்றுமையை உடனே ஒழிக்கச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் சபையை உதறிவிட்டு வெளியேறியவர்கள் யார்? சாதியை விட மாட்டோம் என்றவர்கள். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயம் கால்சட்டைபோல இரண்டாகப் பிரித்துக் கட்டப்பட்டது. ஒரு கிளையில் வெள்ளாளர், மறு கிளையில் நாடார் உள்ளிட்ட மற்றவர்கள். குருவை இரு தரப்பும் பார்க்கலாம். ஒருவரையொருவர் பார்க்க முடியாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கௌசானல் அடிகள் இரு கிளைகளுக்கும் நடுவே இருந்த தடுப்பை அகற்றியபோது நீதிமன்றப் படியேறியவர்கள் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள். சென்னை உயர்நீதிமன்றம் அவர்கள் கோரிய தனியுரிமையை ஏற்கவில்லை.

இதெல்லாம் பழங்கதை என்றும் தப்ப முடியாது. சபைக்குள் தலித்துகள் ஒதுக்கப்படுவதை 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே தன் தலித் மேம்பாட்டுக் கொள்கையில் ஒப்புக்கொண்டது. அந்த ஆயர்களும் சபையைப் பிரிக்கிறவர்கள்தானா?

உற்சாகப்படுத்துவதைப் பற்றி இவ்வளவு எழுதுகிறவர் பர்னபாவை மறந்தது எப்படி? அந்தியோகியாவில் புதிதாக விசுவாசித்தவர்களைத் திடப்படுத்தியவர் அவர். அதே அந்தியோகியாவில், எருசலேமிலிருந்து வந்தவர்களுக்குப் பயந்து பேதுரு புறஜாதியாரோடு சாப்பிடுவதை நிறுத்தி ஒதுங்கினார். பர்னபாவும் அவர் பின்னால் போனார். சபையைத் தேற்றிவந்த அந்த மனிதரே பந்தியை விட்டு எழுந்துபோன பிறகு, அங்கே விடப்பட்டவர்களுக்கு அவர் வாயிலிருந்து வரும் எந்த ஆறுதல் எடுபடும்? அன்றைக்கு அந்த விசுவாசிகளைத் தாங்கியது பவுலின் கோபம். எல்லார் முன்னிலையிலும் பேதுருவை முகத்துக்கு நேரே கண்டித்தார். விவகாரம் வெளியே தெரியாமல் அமுக்கப் பார்க்கவில்லை. போதகரின் கணக்குப்படி சபையைப் பிரித்தவர் பவுல்தான்.

சோர்வு என்கிறாரே, யாருடைய சோர்வு? பெற்ற தாயைக் கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவருக்கு அப்பால் புதைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அதே ஆலயத்தில் வந்து உட்காருகிறவனின் சோர்வுக்கு அவர் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. முன்வரிசைக்காரர்களின் சங்கடத்துக்குத்தான் அவர் மருந்து தேடுகிறார். அவமானப்பட்டவனிடம் போய் வாயை மூடிக்கொண்டு துதி என்று சொல்வது மேய்ப்பன் செய்கிற வேலையல்ல.

கல்லறையை இரண்டாக்கும் சுவர், தேர் திரும்பாத தெரு, தலித் குடும்பங்களிடம் வாங்க மறுக்கும் திருவிழா வரி: இவை இருக்கலாமா, கூடாதா? அடுத்த எழுப்புதல் கூட்டத்துக்குப் பந்தல் போடுவதற்கு முன் போதகர் இதற்கு நேரான பதில் எழுதட்டும்.