முன் இருக்கை யாருக்கு?

விடுமுறை முடிந்து மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறும் எங்களில் பலருக்குக் கல்லாறு வரைதான் கதையும் சிரிப்பும். கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் பேச்சு அடங்கிவிடும். பர்லியாறு வருவதற்குள் யாராவது ஒருத்தி ஜன்னல் பக்கம் நகரத் தொடங்குவாள். அதற்குப் பின் நடப்பதை மலைப்பாதையில் பயணம் செய்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சென்ற ஆண்டுச் சுற்றுலாவன்று எங்கள் தோழி ஒருத்தி தலைவலி என்று சொல்லி விடுதியிலேயே தங்கிவிட்டாள். தலைவலி அல்ல காரணம். அதற்கு முந்தைய பயணத்தில் அவள் வாந்தி எடுத்தபோது சூட்டப்பட்ட பட்டப்பெயர்தான் காரணம். சூட்டியவர்கள் வேறு யாருமல்ல, நாங்களே. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறோம்.

"எல்லாம் மனப்பிரமை" என்று பெரியவர்கள் சிலர் சொல்வதுண்டு. அப்படியன்று. நம் உட்செவியில் உள்ள அரைவட்டக் குழல்களும் அவற்றை ஒட்டிய உறுப்புகளும் உடல் திரும்புவதையும் சாய்வதையும் மூளைக்கு அறிவிக்கின்றன. அதே நேரத்தில் கண்ணோ முன் சீட்டின் முதுகையோ கையிலுள்ள புத்தகத்தையோ பார்த்து, "ஒன்றும் அசையவில்லை" என்கிறது. இந்த முரண்பாட்டின் விளைவே குமட்டல். இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரை இது அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்குச் சற்றுக் கூடுதல். 1831 முதல் 1836 வரை 'பீகிள்' கப்பலில் உலகைச் சுற்றிய சார்லஸ் டார்வினே கடல் மயக்கத்தால் மிகவும் துன்பப்பட்டவர். அவரை யாரும் மனப்பிரமைக்காரர் என்று சொல்லவில்லை!

டிரைவருக்கு ஏன் குமட்டுவதில்லை? வளைவு வருவது அவருக்கு முன்பே தெரியும். கண் சாலையின் மேலேயே இருக்கும். ஆகவேதான் முன் இருக்கை பற்றிப் பேசுகிறோம். பஸ்ஸில் அது முந்தி ஓடுபவளுக்குக் கிடைக்கிறது. காரில் பெரும்பாலும் மாமாவுக்கோ சித்தப்பாவுக்கோ போய்விடுகிறது. குமட்டல் உள்ளவளுக்கே அதைக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. மிகச் சிறு பிள்ளைகளைக் காரின் முன்னால் அமர்த்துவது ஆபத்து. அவர்களைப் பின் சீட்டிலேயே பெல்ட் போட்டு, சாலை தெரியும்படி உட்கார வைக்கலாம்.

வேகத்தையும் சொல்லியாக வேண்டும். 1899-இல் குன்னூருக்கு வந்த நமது மலை ரயிலின் பாதையில் 200-க்கும் மேற்பட்ட வளைவுகள் உண்டு. ஆயினும் பல்சக்கரப் பாதையில் அது மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்வதால் எங்களுக்கு ரயிலில் குமட்டுவதில்லை. வேகம் பாதியானால் வளைவில் பக்கவாட்டுத் தள்ளல் கால் பங்காகும் என்று இயற்பியல் பாடத்தில் படித்திருக்கிறோம். டிரைவர் அண்ணன்மாரிடம் பணிவாகக் கேட்டால் மறுக்கவா போகிறார்கள்?

பட்டினியாகவும் கிளம்ப வேண்டாம். எண்ணெய்ப் பூரியும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். மாத்திரை தேவைப்படுவோர் டாக்டரைக் கேட்டு, புறப்படுவதற்கு அரை மணி அல்லது ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். வாந்தி தொடங்கிய பின் போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். செய்தித்தாளை விரித்து அதன்மேல் உட்காரச் சொல்லும் பாட்டி வைத்தியத்தில் எங்களுக்கு நம்பிக்கையில்லை. எலுமிச்சம்பழத்தை முகர்வது சிலருக்கு இதமாக இருக்கிறது. அதனால் கெடுதல் ஏதுமில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுவது மட்டும் கூடவே கூடாது. எதிரே லாரி வரும் பாதை இது. மாவட்டத்தில் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருப்பதால் கனமான காகிதப் பை இரண்டு கைவசம் இருக்கட்டும்.

சிஸ்டர்மாருக்கு ஒரு விண்ணப்பம். கூடலூர் வழியாக முதுமலைக்குச் செல்லும் அடுத்த சுற்றுலாவுக்குப் பெயர் எழுதும்போது, முன் வரிசை யாருக்குத் தேவை என்று தனித்தனியே கேட்டு முன்பே குறித்துவிடுங்கள். எல்லார் முன்னிலையிலும் கேட்டால் எவளும் கை தூக்கமாட்டாள். எங்கள் தோழிக்கு முதல் இருக்கையை நாங்கள் இப்போதே ஒதுக்கிவிட்டோம். அவளும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.