அப்பாவின் கப்சாயை வெட்டலாமா?

அம்பாங்கான், பாரோய், செனாவாங் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுற்றி வந்தால், ஏதாவது ஒரு வீட்டுப் போர்ச்சில் தார்ப்பாய்க்கு அடியில் பழைய ஹோண்டா கப்சாய் ஒன்று நிற்பதைப் பார்க்கலாம். அப்பாவோ தாத்தாவோ தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் ஓட்டியது. மகன் சம்பாதிக்கத் தொடங்கியதும் வீட்டில் ஒரு கேள்வி எழும்: இதை வெட்டி, புது இன்ஜின் போட்டு, ஸ்டைலாக மாற்றலாமா? இல்லை, அப்படியே விட்டுவிடலாமா?

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இந்தப் பேச்சு மாதக்கணக்கில் நடந்தது. வண்டி சி70. மகன், "பின்பக்கத்தை வெட்டி, ஒத்தை சீட்டு போட்டுடலாம்பா" என்றான். அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "என்ன வேணும்னாலும் செய்யி தம்பி. அந்தக் கேரியரை மட்டும் விட்டுடு" என்றார். ரப்பர் பால் வாளிகளைக் கட்டுவதற்காகத் தோட்டத்துப் பட்டறையில் இரும்புக் கம்பி வைத்து வெல்டிங் செய்த கேரியர் அது.

யோசித்துப் பாருங்கள். அந்த வண்டியை முதலில் மாற்றியவரே அப்பாதான்! கடையில் வாங்கியபடிதான் இருக்க வேண்டும் என்று பார்த்தால், கழற்றி வீச வேண்டியது அந்தக் கேரியரைத்தான். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு வண்டியிலேயே விலை மதிப்பில்லாதது அதுதான்.

பழைய பொருள் சேகரிப்பவர்களுக்கு ஒரு பொதுக் கணக்கு உண்டு. பழைய கோல்ட் 1911 கைத்துப்பாக்கிக்குப் புதுப் பூச்சு அடித்து மின்ன வைத்தாலும் சேகரிப்பாளரிடம் விலை இறங்கத்தான் செய்யும். போன பூச்சு திரும்பி வராது. மோட்டாருக்கும் இதே கணக்குதான். ஆகவே நம் முதல் கேள்வி 'அழகாக இருக்குமா?' என்பதாக இருக்கக் கூடாது. 'வேண்டாம் என்று தோன்றினால் பழையபடி மாட்ட முடியுமா?' என்று கேட்க வேண்டும்.

டயர், பிரேக் கட்டை, கேபிள், சீட்டு மெத்தை எல்லாம் தாராளமாக மாற்றலாம். பழைய சி70-களில் மின்சாரம் 6 வோல்ட்தான்; இரவில் விளக்கு மங்கும். 12 வோல்ட்டுக்கு மாற்றினால் பாதுகாப்பு கூடும். கழற்றியதைப் பெட்டியில் போட்டு வையுங்கள். ஆனால் சட்டத்தை வெட்டுவதும், முன்பக்கக் கால்கவசத்தை அறுப்பதும் திரும்ப முடியாத வேலைகள்.

அந்தக் கால்கவசம் சும்மா வைத்ததல்ல. 1958-ல் ஹோண்டா சூப்பர் கப் வந்தபோதே, சேறு காலில் தெறிக்காமல் இருக்கப் பிளாஸ்டிக் கவசம், எளிதாகக் கால் வைத்து ஏறத் தாழ்ந்த சட்டம், இடது கையில் கிளட்ச் பிடிக்கத் தேவையில்லாத கியர் என்று யோசித்துத்தான் செய்தார்கள். 2017-ல் இந்த வரிசை வண்டிகளின் உற்பத்தி 10 கோடியைத் தொட்டது. நம் தோட்டத்துச் செம்மண் பாதைக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி ஏது?

இன்ஜின் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 72 சிசி வேகத்துக்குச் செய்த டிரம் பிரேக்கை வைத்துக்கொண்டு, 125 சிசி இன்ஜினோடு புக்கிட் புத்துஸ் பழைய சாலை வளைவுகளில் இறங்குவது விளையாட்டல்ல. மேலும், கிராண்டில் உள்ள இன்ஜின் எண்ணும் சட்ட எண்ணும் வண்டியில் உள்ளவையும் ஒன்றாக இருக்க வேண்டும். இன்ஜினை மாற்றுவதென்றால் முதலில் ஜேபிஜே அனுமதி. சாயம் சுரண்டும்போது சட்ட எண் தேய்ந்துபோனால் பெரிய தலைவலி. பல வருடம் சாலை வரி கட்டாத வண்டி என்றால், பட்டறைக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பே ஜேபிஜே-யில் பதிவு நிலையைக் கேட்டுவிடுங்கள்.

ஸ்டைலான வண்டி ஆசை தப்பே இல்லை. அதற்குக் கிராண்ட் சரியாக உள்ள வேறொரு பழைய வண்டியை வாங்கி, ஜேபிஜே அனுமதிக்கும் அளவுக்கு மாற்றிக்கொள்ளலாமே. வீட்டு வண்டியை ஓடும் நிலைக்குக் கொண்டு வந்தாலே பாதி ஆசை தீர்ந்துவிடும்.

அப்பா உயிரோடு இருந்தால் அவர்தான் முதல் ஃபோர்மேன். ஒவ்வொரு கீறலும் எங்கே விழுந்தது, எந்தப் பாகம் எப்போது மாற்றியது என்று வண்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். குரலை வைத்துப் பிழைக்கிறவன் சொல்கிறேன்: சி70-க்கு ஸ்பேர் பார்ட்ஸ் தேடினால் கிடைக்கும். அந்தப் பேச்சுக்குக் கிடைக்காது.