அருவித் தலைக்குப் பூட்டு மட்டும் போதாது

மாண்புமிகு தமிழ்நாடு வனத்துறை அமைச்சர் அவர்களுக்கு,

மதுரை நகருக்குப் பக்கத்திலுள்ள அருவி, வாடிப்பட்டியை அடுத்த குட்லாடம்பட்டியில் சிறுமலையிலிருந்து இறங்கும் தாடகை நாச்சியம்மன் அருவி. 2018 நவம்பரில் கஜா புயல் மழையின் வெள்ளம் அங்கிருந்த படிகளையும் தடுப்புக் கம்பிகளையும் சிதைத்தது. பிறகு அருவி நெடுங்காலம் மூடிக் கிடந்தது. 2024 அக்டோபரில் அரசு 40 பாதைகளோடு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' மலையேற்றத் திட்டத்தில் தாடகை அருவிப் பாதையும் இடம்பெற்றதை மதுரை மக்கள் மகிழ்ச்சியோடு வரவேற்றோம். பெயர் பதிந்து வழிகாட்டியோடு செல்லும் அந்த நல்ல முறையைத் தென்மாவட்ட அருவிகளின் உச்சிக்குச் செல்லும் கடினமான ஏற்றங்களுக்கும் விரிவாக்க வேண்டும் என்பதே இம்மடலின் கோரிக்கை. பூட்டும் எச்சரிக்கைப் பலகையும் மட்டும் உயிரைக் காப்பதில்லை. பாறையையும் நீரையும் அறிந்த ஓர் ஆள் உடன் வருவதே காக்கும்.

அருவியின் தலை ஏன் ஆபத்தானது என்பதற்குக் காரணம் வெளிப்படை. காலங்காலமாக நீர் தேய்த்த பாறை கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கும். பாசி படர்ந்துவிட்டால் காலூன்ற இடமிருக்காது. 2022 ஆகஸ்டில் திண்டுக்கல் மாவட்டம் புல்லாவெளி அருவியின் விளிம்பில் படமெடுக்க நின்ற இளைஞர் சறுக்கி விழுந்து மாண்டார். இன்னொரு ஆபத்து கண்ணுக்கே தெரியாது. நாம் நிற்கும் இடத்தில் வெயிலடிக்கும். மேற்காட்டில் பெய்த மழை சில நிமிடங்களில் வெள்ளமாக வந்து சேரும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் 17 வயதுச் சிறுவனைக் கொண்டுபோனது அத்தகைய திடீர் வெள்ளமே. நீரின் நிறம் கலங்குவதையும் இரைச்சல் மாறுவதையும் முதலில் உணர்பவர்கள் அடிவார ஊர்க்காரர்கள்தாம்.

ஒழுங்குபடுத்தினால் கூட்டத்தையும் காக்க முடியும் என்பதற்குச் சதுரகிரி மலைக்கோயில் சாட்சி. அங்கே பல ஆண்டுகளாக அமாவாசை, பௌர்ணமி, பிரதோஷ நாட்களில் நேரம் குறித்துப் பக்தர்களை மலையேற விட்டார்கள். மழை எச்சரிக்கை வந்தால் தாணிப்பாறை அடிவாரத்திலேயே நிறுத்தினார்கள். குரங்கணி இதன் மறுபக்கம். 2018 மார்ச்சில் அங்கே மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 உயிர்கள் போயின. அதன் பிறகே மலையேற்றத்துக்கான தனி விதிகள் வந்தன; கோடைத் தீக்காலத்தில் பாதைகளை மூடும் வழக்கமும் உறுதிப்பட்டது. விதியும் வழிகாட்டியும் துயரத்துக்கு முன்பே வரவேண்டும் என்பதே குரங்கணி சொல்லும் பாடம்.

காட்டைத் திறந்தால் காட்டுமாடு முதலான உயிரினங்களுக்கு இடையூறு, குப்பை சேரும் என்பார்கள். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் பாட்டிலை உடைத்துப் போடுபவர்கள் பெரும்பாலும் யார் கண்ணிலும் படாமல் குறுக்கு வழியில் ஏறுபவர்கள். பெயர் பதிந்து, சிறு குழுவாக, வழிகாட்டியோடு செல்பவர்கள் அப்படிச் செய்வது கடினம். ஏதேனும் நேர்ந்தால் துறையின் தலையில் விழுமே என்பது அடுத்த தயக்கம். பூட்டியிருக்கும்போதும் பிணத்தைத் தேடி மீட்கும் பொறுப்பு வனத்துறை, தீயணைப்புத் துறை ஊழியர்கள் தலையில்தானே விழுகிறது? செலவு அதிகம் என்றால், கட்டணத்தின் ஒரு பங்கை அடிவார ஊர் இளைஞர்களின் கூலியாக்கலாம். காட்டைக் காப்பது அவர்கள் பிழைப்போடும் சேரும்.

ஆகவே தங்களிடம் வேண்டுவது இவை: ஒவ்வொரு அருவித் தலையிலும் விளிம்பிலிருந்து தள்ளி, கம்பி கட்டிய பார்வையிடம், அதற்கப்பால் எவரையும் விடாத கண்டிப்பு, மேற்காட்டு மழையைக் கவனித்து அன்றன்று பாதையைத் திறக்கவோ மூடவோ அடிவார அலுவலருக்கு அதிகாரம், கல்லூரி மாணவரும் கூலித் தொழிலாளியும் கொடுக்கக்கூடிய கட்டணம். கட்டணம் எட்டாவிட்டால் அவர்கள் மீண்டும் குறுக்கு வழியையே தேடுவார்கள். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, தாடகை அருவியிலிருந்தே இதைத் தொடங்கி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திருப்பரங்குன்றத்திலிருந்து ஒரு குடிமகன்