நாரிநோவும் படம் பிடிக்கும் வியாபாரமும்

முப்பது ஆண்டுகள் செய்தி மேசையில் குனிந்திருந்ததற்குக் கிடைத்த கூலி, எனது நாரிநோ. அண்மையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குச் சென்றேன். வைத்தியர் முதுகைத் தொடவேயில்லை, எம்.ஆர்.ஐ. எடுக்கும்படி எழுதித் தந்தார். "முள்ளந்தண்டுத் தட்டு தேய்ந்துள்ளது" என்றது அறிக்கை.

வலியே இல்லாத ஐம்பது வயதினரிலும் 100க்கு 80 பேருக்கு அத்தேய்வு உண்டென்று 2015இல் வெளியான ஆய்வுத் தொகுப்பொன்று கூறுகிறது. அப்படியாயின் அது நரையைப் போன்றது, நோயன்று.

காய்ச்சல், உடல் மெலிவு, முன்னைய புற்றுநோய், கால் பலவீனம், சிறுநீரை அடக்க முடியாமை போன்றவை உண்டா எனக் கேட்க ஐந்து நிமிடம் போதும். இருப்பின், படம் அவசியம். இல்லையேல், பெரும்பாலும் சில வாரங்களில் வலி தணியும். படுத்துக் கிடப்பதன்று, நடமாடுவதே மருந்து.

இதைச் சொல்வதற்குக் கட்டணம் கேளுங்கள், தருகிறோம். அச்சத்தை விற்காதீர்கள்.